ஜெனிசிஸின் 'செகண்ட்ஸ் அவுட்': ஹேக்கெட்டின் கிதாரைக் குறைத்துவிட்டார்களா?

மெல்லோட்ரான் எழுதியது:

வேறோர் இழையில் ஆளாளுக்கு இதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்ததால், தனியாக ஒன்று தொடங்கச் சொல்லிவிட்டார் நெறியாளர். சரி, இங்கே வைத்துப் பேசுவோம்.

புதிதாக வருபவர்களுக்காக முதலில் கதை. 1977 ஜூன் மாதம் ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பாரிஸின் பாலே தே ஸ்போர் அரங்கில் அடுத்தடுத்து சில இரவுகள் வாசித்தது. அதை ஒலிப்பதிவு செய்து, கோடையில் லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில் மிக்சிங் (எந்த வாத்தியம் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று கலக்கும் வேலை) செய்தார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கிதார்காரர் ஸ்டீவ் ஹேக்கெட் குழுவை விட்டுப் போய்விட்டார். 1971 ஜனவரி முதல் கூட இருந்தவர். அக்டோபரில் 'செகண்ட்ஸ் அவுட்' இரட்டை ஆல்பமாகக் கடைக்கு வந்தபோது, அவர் விலகிய செய்தியும் கூடவே வெளியானது. பிரிட்டிஷ் பட்டியலில் ஆல்பம் 4-ஆம் இடம் வரை போனது.

அதாவது வாங்கியவர்கள் எல்லாரும், போன மனிதரின் வாசிப்பைத்தான் கேட்டார்கள். பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இல் போனார், இரண்டே வருடத்தில் இவரும் போகிறார். ஐந்து பேர் மூன்றானார்கள்: கீபோர்டு டோனி பேங்க்ஸ், பேஸ் மைக் ரதர்ஃபோர்டு, டிரம்ஸும் கேப்ரியல் போனபின் பாட்டும் ஃபில் காலின்ஸ். அடுத்த ஸ்டுடியோ ஆல்பத்துக்கு வைத்த பெயரே 'அண்ட் தென் தேர் வேர் த்ரீ'.

என் கேள்வி ஒன்றுதான். இந்த ஆல்பத்தைக் கேட்டால் அந்தப் பிரிவு காதில் விழுகிறதா? அல்லது நமக்குக் கதை தெரிந்ததால் விழுவது போல இருக்கிறதா?

ஊசிமுனை எழுதியது:

விழுகிறது. சந்தேகமே வேண்டாம். 'ஸ்குவாங்க்' முதல் நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். டோனி பேங்க்ஸின் கீபோர்டு சுவர் மாதிரி நிற்கிறது, மைக் ரதர்ஃபோர்டு காலால் மிதித்து வாசிக்கும் பெடல் பேஸ் தரையை அதிரவைக்கிறது, கிதாரை மட்டும் தேட வேண்டியிருக்கிறது. கச்சேரியில் வயலின்காரரோடு மனஸ்தாபம் என்றால் அவருடைய மைக்கைக் குறைத்துவிட்டு நடத்துவார்களே, அந்தக் கதைதான். மிக்சிங் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மீதி மூன்று பேரும் தயாரிப்பாளர் டேவிட் ஹென்ட்ஷலும். போன ஆளுக்காக யார் வாதாடுவார்கள்?

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. ரசிகர்கள் எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

தவில்காரன் எழுதியது:

ஊசிமுனை அண்ணே, 'ஸ்குவாங்க்' எழுதியது ரதர்ஃபோர்டும் பேங்க்ஸும். ஸ்டுடியோ வடிவத்திலும் அதில் கிதார் முன்னால் வந்து நிற்காது. அதை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது.

எனக்கு இந்த ஆல்பம் டிரம்ஸ் ஆல்பம். அதனால் இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். 'ஆஃப்டர்க்ளோ' கடைசிப் பகுதியில் ஃபில் காலின்ஸ் பாடி முடித்துவிட்டு டிரம்ஸில் போய் உட்கார்ந்து, சுற்றுப்பயண டிரம்மர் செஸ்டர் தாம்ப்சனோடு சேர்ந்து ஓர் உருட்டு உருட்டுவார். இரண்டு பேரும் ஒரே உருட்டை ஒன்றாக அடிப்பார்கள். அது அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் குழுவில் இருந்து வந்த சங்கதி. 'ராக்ஸி அண்ட் எல்ஸ்வேர்' ஆல்பத்தில் 'மோர் டிரபிள் எவ்ரி டே' பாட்டில் செஸ்டரும் ரால்ஃப் ஹம்ஃப்ரியும் இரட்டை டிரம்ஸில் அடித்தது. அதைக் கேட்டுச் சொக்கிப்போய்த்தான் காலின்ஸ் செஸ்டருக்குப் போன் போட்டார். ஆடிஷன் எதுவும் கிடையாது, நேரே ஒத்திகைக்கு வரச் சொல்லிவிட்டார். வந்த ஆளை அந்த உருட்டையே இங்கேயும் அடிக்கவைத்துவிட்டார். பிடித்ததை வீட்டுக்கே கொண்டுவந்துவிடும் ரசிகன்!

'சினிமா ஷோ' மட்டும் பாரிஸ் 1977 இல்லை. 1976 சுற்றுப்பயணத்தில், அதுவும் பாரிஸிலேயே, பில் ப்ரூஃபோர்டு டிரம்ஸ் வாசித்தபோது எடுத்தது. ஹெட்போனில் கேட்டால் இரண்டு டிரம்மர்களின் குணமும் தனித்தனியாகத் தெரியும். செஸ்டர் அடித்தளம் போடுவார். ப்ரூஃபோர்டு சும்மா இருக்க மாட்டார், இடுக்கில் எல்லாம் ஏதாவது செருகிக்கொண்டே போவார்.

நடுராத்திரி எழுதியது:

நான் இந்த விஷயத்துக்குப் புதுசு. எனக்கு ஜெனிசிஸ் என்றால் 80-களின் டிவி பாட்டுகள், ஃபில் காலின்ஸ் என்றால் தனிப்பாடகர். ஹேக்கெட் என்ற பெயரையே இந்த மன்றத்தில்தான் கேள்விப்பட்டேன். ஒரு கிதார்காரர் போனதற்கு இத்தனை வருடம் கழித்தும் ஏன் இவ்வளவு விவாதம்? கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

பன்னிருகம்பி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. சுருக்கமாகச் சொல்ல வராது எனக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970 கடைசியில் ஹேக்கெட் 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். தேங்கிப்போன இசை வடிவங்களைத் தாண்டிப் போகத் துணிந்த, காது கொடுத்துக் கேட்கும் வாத்தியக்காரர்கள் வேண்டும் என்ற பாணியில். கேப்ரியல் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். வந்தவர் மேடையில் என்ன செய்தார் தெரியுமா? ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியோடு கிதாரைப் பார்த்துக் குனிந்தபடி வாசித்தார். ராக் கிதார்காரன் என்றால் காலை அகட்டி நின்று ஆட வேண்டும் என்றிருந்த காலத்தில்!

1971-இல் வந்த 'மியூசிகல் பாக்ஸ்' பாட்டில் வலக்கை விரல்களால் ஃபிரெட்போர்டையே (கிதாரின் கழுத்துப் பகுதியை) தட்டி வாசித்திருக்கிறார். அமெரிக்க ராக் கிதார்காரர் எட்டி வான் ஹேலன் அதை உலகப் பிரசித்தமாக்கும் முன்பே. ஆனால் ஹேக்கெட்டின் சரக்கு வேகம் இல்லை. நீட்டல்தான். வால்யூம் பெடலை வைத்து, தட்டும் ஓசையே கேட்காமல் ஸ்வரத்தை எங்கிருந்தோ மெல்ல எழுப்புவார். கிதாரா, வயலினா, மெல்லோட்ரானா (நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) என்று சட்டென்று பிடிபடாது. பாதி நேரம் பேங்க்ஸின் கீபோர்டு என்று நாம் நினைப்பது அவருடைய கிதார்.

ஊசிமுனை சார் கவனிக்க வேண்டியது இதுதான். 'காணவில்லை' என்று தேடப்படுவதுதான் அந்த வாசிப்பின் இயல்பே. 1973 ஸ்டுடியோ ஆல்பமான 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' போட்டாலும் பல இடங்களில் தேடத்தான் வேண்டும். அப்போது யாரும் அவர் மீது கோபத்தில் இல்லை.

'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' மட்டும் விதிவிலக்கு. 'செகண்ட்ஸ் அவுட்' வடிவத்தில் பேங்க்ஸ் தன்னுடைய புகழ்பெற்ற பியானோ முன்னிசையையே விட்டுவிட்டார், பாட்டு நேரே பல்லவியில் தொடங்குகிறது. ஆனால் கிதார் தனி ஆவர்த்தனம் முழுசாக இருக்கிறது. அந்த மெட்டே பேங்க்ஸ் போட்டது. ஸ்டுடியோவில் முதலில் புல்லாங்குழலில் வருவது. அதையே கிதாரில் எடுத்து, கீழே மெல்லோட்ரான் கோர்டுகள் நகர நகர மேலே ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், அங்கே மிக்சிங்கில் யாரும் எதையும் குறைக்கவில்லை. அரங்கமே அவர் கையில் இருக்கிறது. பழிவாங்க நினைத்தவர்கள் தங்கள் பியானோவை வெட்டிவிட்டு அவருடைய சோலோவை வைத்திருப்பார்களா?

ஊசிமுனை எழுதியது:

அந்த சோலோவை வெட்டினால் ரசிகர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அதனால் வைத்தார்கள். சரி, மிக்சிங்கை விடுங்கள். பாட்டுத் தேர்வைப் பாருங்கள்.

அந்தப் பயணமே 'விண்ட் அண்ட் வுதரிங்' ஆல்பத்துக்கான பயணம். 1976 டிசம்பரில் வந்த ஆல்பம். அதிலிருந்து 'செகண்ட்ஸ் அவுட்'டில் எத்தனை பாட்டு? ஒன்று. 'ஆஃப்டர்க்ளோ'. பேங்க்ஸ் தனியாக எழுதியது. மேடையில் அந்தப் பாட்டுக்கு முன்னால் 'இன் தட் கொயட் எர்த்' வாசித்தார்கள், நான்கு பேர் பெயரும் உள்ளது, கிதார் முன்னால் வரும் இசை. ஆல்பத்தில் அது இல்லை, 'ஆஃப்டர்க்ளோ' அந்தரத்தில் தொடங்குகிறது. 'இலெவன்த் ஏர்ல் ஆஃப் மார்' வாசித்தார்கள், ஹேக்கெட் பெயரும் உள்ள பாட்டு. இல்லை. 'இன்சைட் அண்ட் அவுட்' வாசித்தார்கள். அதுவும் இல்லை. இதெல்லாம் தற்செயலா?

மெல்லோட்ரான் எழுதியது:

'ஒன் ஃபார் தி வைன்' கூட வாசித்தார்கள், அதுவும் இல்லை. அது பேங்க்ஸ் தனியாக எழுதிய பாட்டு. அவருடைய செல்லப்பிள்ளை. உங்கள் கணக்குப்படி அது முதலில் உள்ளே போயிருக்க வேண்டும்.

இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம்தான் இடம். மூன்றாம் பக்கம் முழுக்க 'சப்பர்ஸ் ரெடி' பிடித்துக்கொண்டது, 24 நிமிடத்துக்கும் மேல். அப்போதுதான் வந்த புதுப்பாட்டுகளை விட, கேப்ரியல் காலத்துப் பாட்டுகளைக் காலின்ஸ் குரலில் நிறுவ வேண்டும் என்பதுதான் அன்றைக்கு அவர்களுக்கு முக்கியம். 'லாம்ப் லைஸ் டவுன்', 'கார்ப்பெட் க்ராலர்ஸ்', 'மியூசிகல் பாக்ஸ்' கடைசிப் பகுதி, 'ஐ நோ வாட் ஐ லைக்', எல்லாம் அந்த வரிசைதான். இந்த ஆல்பத்தின் வழக்கே 'கேப்ரியல் இல்லாமலும் முடியும்' என்பது. அந்த வழக்குக்கு முக்கியச் சாட்சியாக மேடையில் நின்றவர் ஹேக்கெட். தீர்ப்பு வருவதற்குள் சாட்சியே கிளம்பிப் போய்விட்டார்!

வடபழனிவாசி எழுதியது:

எல்லாரும் ஹேக்கெட்டுக்கு அழுதாகிவிட்டது, நான் மறுபக்கம் பேசுகிறேன். கல்லெறியாதீர்கள்.

அவர் கேட்டது என்ன? ஒவ்வொரு ஆல்பத்திலும் தன் பாட்டுகளுக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கித் தர வேண்டும் என்று. மற்றவர்கள் மறுத்தார்கள். ஏன் மறுக்கக் கூடாது? ஜெனிசிஸில் பாட்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும், நன்றாக இருந்தால் எடுப்பார்கள். இட ஒதுக்கீடு வந்தால் சுமாரான பாட்டும் உள்ளே வந்துவிடும். 'ப்ளீஸ் டோன்ட் டச்' என்ற அவருடைய இசையை ஒத்திகையில் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். முகத்தைப் பார்த்து மறுக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. 1975-இலேயே 'வாயேஜ் ஆஃப் தி அகோலைட்' என்று தனி ஆல்பம் போட்டவர் அவர். பிரிட்டனில் 26-ஆம் இடம். காலின்ஸும் ரதர்ஃபோர்டும் அதில் வாசித்துக் கொடுத்தார்கள், யாரும் முறைத்துக்கொள்ளவில்லை. தனி வழியும் வேண்டும், குழுவில் ஒதுக்கீடும் வேண்டும் என்றால் எப்படி?

கடைசியாக, முடிவைப் பாருங்கள். 1978-இல் 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' பிரிட்டனில் 7-ஆம் இடம். அதற்கு முன் இவர்களுக்கு அந்த மாதிரி சிங்கிள் கிடையாது. ரதர்ஃபோர்டு கிதாரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். குழு சாகவில்லை, பெரிதானது.

பன்னிருகம்பி எழுதியது:

வடபழனி சார், வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் 'நன்றாக இருந்தால் எடுப்பார்கள்' என்பதில் யார் நீதிபதி என்ற கேள்வி இருக்கிறதே.

'விண்ட் அண்ட் வுதரிங்' அட்டையைத் திருப்பி எழுதியவர் பெயர்களைப் படியுங்கள். பேங்க்ஸ் தனியாகவே மூன்று: 'ஒன் ஃபார் தி வைன்', 'ஆல் இன் எ மௌஸஸ் நைட்', 'ஆஃப்டர்க்ளோ'. ரதர்ஃபோர்டு தனியாக ஒன்று. ஹேக்கெட் தனியாக ஒன்றுகூட இல்லை, எல்லாம் கூட்டு. வேண்டாம் என்று தள்ளப்பட்ட 'ப்ளீஸ் டோன்ட் டச்' இடத்துக்கு வந்தது 'வாட் கொரில்லா'. நேர்மையாகச் சொல்லுங்கள், 'வாட் கொரில்லா'வை யாராவது விரும்பிப் போட்டுக் கேட்கிறீர்களா? 'மௌஸஸ் நைட்' எலிக்கும் பூனைக்கும் ஆன கதை, அதற்கு ஆறு நிமிடத்துக்கும் மேல் இடம். 'இன்சைட் அண்ட் அவுட்' போன்ற அருமையான பாட்டு ஆல்பத்தில் இடம் இல்லாமல் 'ஸ்பாட் தி பிஜன்' ஈபிக்கு (சில பாட்டுகளே உள்ள சிறு தட்டுக்கு) போனது. அதன் இரண்டாம் பாதியைக் கேட்டுவிட்டு வந்து, சுமார் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

காலின்ஸோடு சேர்ந்து எழுதிய 'பிளட் ஆன் தி ரூஃப்டாப்ஸ்' அந்த ஆல்பத்தின் உச்சம். அதில் நைலான் கம்பி கிதாரில் வரும் முன்னிசை ஒரு நிமிடத்துக்கும் மேல். என்னைக் கேட்டால் ஜெனிசிஸ் செய்ததிலேயே நுட்பமான வேலைகளில் ஒன்று. ஒதுக்கீடு கொடுத்திருந்தால் சுமார் பாட்டு வந்திருக்கும் என்கிறீர்கள். ஒதுக்கீடு கொடுக்காமலே சுமார் பாட்டு வந்துவிட்டது. வேறு ஆளுடையது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தவில்காரன் எழுதியது:

'மௌஸஸ் நைட்' எனக்குப் பிடிக்கும். டிரம்ஸுக்காக. சொல்லிவைக்கிறேன்.

ஊசிமுனை எழுதியது:

பன்னிருகம்பிக்கு ஒரு சபாஷ். தனி வழியும் வேண்டும் என்றால் எப்படி என்று கேட்டாரே வடபழனிவாசி, அடுத்து என்ன நடந்தது? 1979-இல் பேங்க்ஸ் 'எ க்யூரியஸ் ஃபீலிங்' போட்டார். 1980-இல் ரதர்ஃபோர்டு 'ஸ்மால்க்ரீப்ஸ் டே'. 1981-இல் காலின்ஸ் 'ஃபேஸ் வேல்யூ', அது குழுவையே விழுங்கும் அளவுக்கு ஓடியது. மூன்று பேரும் தனி ஆல்பம் போட்டுக்கொண்டே ஜெனிசிஸிலும் இருந்தார்கள். 1977-இல் ஒருவருக்கு நெருக்கடியாக இருந்தது, இரண்டு வருடத்தில் எல்லாருக்கும் வசதியாகிவிட்டது.

வடபழனிவாசி எழுதியது:

அதை ஒப்புக்கொள்கிறேன் ஊசிமுனை. ஆனால் அதற்குக் காரணமே ஹேக்கெட் போனதுதானே? ஒருவரை இழந்த பிறகுதான் மற்றவர்களைக் கட்டிப்போடக் கூடாது என்று புரிந்திருக்கும். அவர் இருந்து சண்டை போட்டிருந்தால் ஐந்தாறு வருடம் வழக்கு நடந்திருக்கும். இவர்கள் எல்லாரும் ஆங்கிலேயப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கத்திப் பேசவே தெரியாதவர்கள்.

மெல்லோட்ரான் எழுதியது:

'கத்திப் பேசத் தெரியாதவர்கள்' என்றதும் காலின்ஸ் பேட்டிகளில் சொல்லும் கதை நினைவுக்கு வருகிறது. மிக்சிங்குக்காக டிரைடென்ட் ஸ்டுடியோவுக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் தெருவில் ஹேக்கெட் நடந்து போகிறார். 'ஸ்டுடியோவுக்குத்தானே? ஏறிக்கொள்' என்கிறார் காலின்ஸ். 'இல்லை, அப்புறம் போன் செய்கிறேன்' என்கிறார் ஹேக்கெட். காலின்ஸ் ஸ்டுடியோவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னால், 'தெரியாதா? அவன் விலகிவிட்டான்' என்கிறார்கள் அங்கே இருந்தவர்கள்.

இதில் கதவை அறைந்து சாத்தியவர் யாரும் இல்லை. நேரில் பேசியிருந்தால் தன் மனதை மாற்றிவிடக்கூடியவர் காலின்ஸ் ஒருவர்தான் என்பது ஹேக்கெட்டுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பும்படிதான் இருக்கிறது. கூடச் சேர்ந்து பாட்டு எழுதியவர், தனி ஆல்பத்துக்கு வாசித்தவர் அவர்.

ஹேக்கெட் எவ்வளவு அழுத்தத்தை உள்ளே வைத்திருக்கும் ஆள் என்பதற்கு இன்னொரு சம்பவம். 1974-இல் 'லாம்ப்' ('தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே') ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம் தொடங்கும் முன், ராக் பாடகர் அலெக்ஸ் ஹார்வி குழுவின் கச்சேரிக்குப் பிறகு நடந்த விருந்தில் யாரோ ஒருவர் 'அலெக்ஸ் இல்லாவிட்டால் இந்தக் குழு ஒன்றுமே இல்லை' என்கிற மாதிரி பேசினார். ஹேக்கெட் கையில் இருந்த ஒயின் கிளாஸ் கைக்குள்ளேயே நொறுங்கிவிட்டது. நரம்பு வரை வெட்டு. பிரிட்டனில் தொடங்க இருந்த கச்சேரிகள் தள்ளிப்போயின. ஒருவர் இல்லாவிட்டால் குழு இல்லை என்ற பேச்சு அவரை என்ன செய்திருக்கிறது பாருங்கள்.

தவில்காரன் எழுதியது:

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பிரிவு காதில் விழுகிறதா? எனக்கு விழும் இடம் 'சினிமா ஷோ'.

முதல் பாதி பன்னிரண்டு கம்பி கிதார்களும் குரலும். பிறகு 7/8 தாளத்தில் (ஏழு எண்ணிக்கை) நீளமான வாத்தியப் பகுதி. 1973-இல் அதை உருவாக்கியதே பேங்க்ஸ், ரதர்ஃபோர்டு, காலின்ஸ் மூன்று பேர். ஹேக்கெட்டுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. 'சப்பர்ஸ் ரெடி'யில் வரும் 9/8 பகுதியும் அப்படித்தான், மூன்று பேர் உட்கார்ந்து வாசித்ததில் பிறந்தது. ரதர்ஃபோர்டும் காலின்ஸும் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, பேங்க்ஸ் மேலே பறப்பார்.

ஆக, 1978-இல் பிறந்ததாகச் சொல்லும் 'மூவர் ஜெனிசிஸ்' ஐந்து பேர் இருந்த காலத்திலேயே உள்ளுக்குள் இருந்தது. இந்த ஆல்பத்தின் நான்காம் பக்கத்தில் அது முழு வலுவோடு கேட்கிறது. கூட்டமும் அங்கேதான் கொதிக்கிறது. ஹேக்கெட் அதை மேடையில் பக்கத்தில் இருந்து எத்தனையோ இரவுகள் கேட்டிருப்பார். மிக்சிங் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஊசிமுனை எழுதியது:

இதை நான் யோசித்ததில்லை. நல்ல இடம் பிடித்தீர்கள். ஆனால் அதே பக்கத்தில் 'டான்ஸ் ஆன் எ வால்கேனோ', 'லாஸ் எண்டோஸ்' இரண்டும் நான்கு பேர் பெயரிலும் உள்ளவை. அங்கே கிதார் இல்லாமல் கற்பனை செய்ய முடியுமா?

தவில்காரன் எழுதியது:

கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. 1978-இலிருந்து டேரில் ஸ்டூமர் மேடையில் வாசித்துக் காட்டிவிட்டார். ஜாஸ் வயலின்காரர் ஜான் லூக் போன்டியின் குழுவில் இருந்து வந்த அமெரிக்கர், அபார விரல்கள். சுரம் தப்பாது. ஆனால் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' சோலோவில் ஹேக்கெட் காத்திருக்கும் இடத்தில் இவர் கூடுதலாக நாலு ஸ்வரம் போட்டுவிடுவார். ஜாஸ் பழக்கம். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கும் ஒருசில இரவுகளின் பதிவில் பிடித்திருக்கிறது.

வடபழனிவாசி எழுதியது:

பின்கதையையும் சேர்த்துவிடுவோம், அப்போதுதான் நடுராத்திரி தம்பிக்கு முழுசாகப் புரியும். 1982 அக்டோபர் 2, மில்டன் கீன்ஸ். கேப்ரியல் தொடங்கிய வோமாட் என்ற உலக இசை விழா கடனில் மூழ்கியதால், அவரைக் காப்பாற்றப் பழைய குழு ஒரே ஓர் இரவு சேர்ந்து வாசித்தது. கொட்டும் மழை. கேப்ரியலைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கி வந்தார்கள். ஹேக்கெட் கடைசி இரண்டு பாட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டார். அதற்கு அதிகாரபூர்வ ஆல்பம் கிடையாது, ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிந்ததுதான் உலவுகிறது.

1999-இல் 'கார்ப்பெட் க்ராலர்ஸ்' பாட்டின் புதிய பதிவு ஐந்து பேரின் பங்களிப்போடும் வெளிவந்தது. 2005-இல் ஐந்து பேரும் கிளாஸ்கோவில் கூடி 'லாம்ப்' ஆல்பத்தை மறுபடி மேடையேற்றுவது பற்றிப் பேசினார்கள், கேப்ரியல் உறுதி சொல்லவில்லை. உடனே மூன்று பேரும் ஸ்டூமரையும் செஸ்டரையும் கூட்டிக்கொண்டு 2007-இல் கிளம்பிவிட்டார்கள். ஹேக்கெட் ஒதுங்கிக்கொண்டார். 2010-இல் ஜெனிசிஸைக் கௌரவித்த ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவுக்கு ஹேக்கெட் வந்தார், கேப்ரியல் வரவில்லை. இந்த ஐந்து பேரை ஒரு புகைப்படத்தில் நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பன்னிருகம்பி எழுதியது:

2021-ஐ விட்டுவிட்டீர்களே சார், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பெருந்தொற்றால் தள்ளிப்போன இரண்டு சுற்றுப்பயணங்கள் அந்தச் செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒன்றாகத் தொடங்கின. ஒன்று ஜெனிசிஸின் கடைசிப் பயணம். காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், மகன் நிக் டிரம்ஸ், ஸ்டூமர் கிதார். இன்னொன்று ஹேக்கெட்டின் பயணம். அவர் வாசித்தது எது? 'செகண்ட்ஸ் அவுட்', முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, அதே வரிசையில்! ஒரே மாதத்தில் ஒரு பக்கம் ஸ்டூமர் பெரிய அரங்கத்தில் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' சோலோ வாசிக்கிறார், இன்னொரு பக்கம் நடுத்தர அரங்கத்தில் ஹேக்கெட் அதையே வாசிக்கிறார். டிக்கெட் எதற்கு வாங்குவது என்று அந்த ஊர்க்காரர்கள் திண்டாடியிருப்பார்கள்.

ஹேக்கெட்டின் மான்செஸ்டர் கச்சேரி 2022-இல் 'செகண்ட்ஸ் அவுட் அண்ட் மோர்' என்று ஆல்பமாக வந்தது. நாட் சில்வன் பாடுகிறார், கிரெய்க் பிளண்டல் டிரம்ஸ். ஊசிமுனை சார், உங்களுக்காகவே செய்த மாதிரி இருக்கும். 'ஸ்குவாங்க்' முதல் நிமிடத்தில் கிதார் எங்கே என்று தேட வேண்டாம்.

ஊசிமுனை எழுதியது:

கேட்டிருக்கிறேன். கிதார் கேட்கிறது, உண்மைதான். ஆனால் காலின்ஸ் குரல் இல்லை, அந்த இரட்டை டிரம்ஸ் இல்லை. 'ஐ நோ வாட் ஐ லைக்' நடுவே பாரிஸ் கூட்டம் எதையோ பார்த்துக் கூச்சலிடுமே, அது காலின்ஸ் தம்புரின் வைத்துக்கொண்டு ஆடியது. நமக்கு ஆட்டம் தெரியாது, ஆரவாரம் மட்டும் கேட்கும். இருந்தாலும் அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும். புது ஆல்பத்தில் அந்த மாதிரி சங்கதி எதுவும் இல்லை. எல்லாம் சுத்தமாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

மிக்சிங்கில் குறைத்தார்கள் என்ற என் கட்சியை நான் விடுவதாக இல்லை. ஆனாலும் கேட்பதென்றால் பழையதைத்தான் கேட்பேன்.

நடுராத்திரி எழுதியது:

இழை முழுக்கப் படித்துவிட்டு நேற்று ஆல்பத்தைப் போட்டேன். 'ஆஃப்டர்க்ளோ' உருட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன், தவில்காரன் அண்ணாவுக்கு நன்றி. 'சப்பர்ஸ் ரெடி' முதல் பத்து நிமிடம் எனக்குப் பிடிபடவில்லை, பாட்டு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. 9/8 பகுதியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'ஃபர்த்' சோலோ, ஆமாம், புரிகிறது. 80-களின் பாட்டுகளில் கேட்ட அதே குரல்தானா இது என்று கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை.

ஹேக்கெட் தனியாகப் போட்டதில் எதில் தொடங்கலாம்?

பன்னிருகம்பி எழுதியது:

நேராக 1979 'ஸ்பெக்ட்ரல் மார்னிங்ஸ்'. தலைப்புப் பாட்டை முதலில் போடுங்கள், குரலே கிடையாது, கிதார் மட்டும் பாடும். அடுத்து 1978 'ப்ளீஸ் டோன்ட் டச்'. ஜெனிசிஸ் வேண்டாம் என்ற அந்த இசை அதில்தான் இருக்கிறது. டிரம்ஸ் யார் தெரியுமா? சில பாட்டுகளுக்கு நம் செஸ்டர் தாம்ப்சன்.

தவில்காரன் எழுதியது:

அந்த ஆல்பத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். ரிச்சி ஹேவன்ஸ் பாடிய பாட்டைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.